மாமனாரின் முழங்கால்: ஓக்கினாவாவில் ஒரு வீட்டுக் கராத்தேயைக் காத்த அனுபவம்

ஜப்பானின் ஓக்கினாவாத் தீவின் தென்கோடியில் உள்ள இதோமான் நகரில், என் கணவர் வீட்டு முற்றத்தில், ஒரு தவற்றை நான் மூன்றரை ஆண்டுகள் மிகுந்த சிரத்தையுடன் பயின்றேன். கராத்தேயில் வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடரைக் கட்டா என்பார்கள். எங்கள் குடும்பக் கட்டாவில் இரண்டாம் திருப்பத்துக்குப் பின் வலக்காலை முன்னே வைக்கும் இடத்தில் என் மாமனார் அரை அடி குறைத்து வைப்பார். அவரைப் பார்த்து நானும் குறைத்து வைத்தேன். என் கணவரும் அப்படியே வைத்தார். ஆறு வயதில் கற்கத் தொடங்கிய எங்கள் மகளும் அப்படியே வைத்தாள். அந்தக் குறுகிய அடி கட்டாவைச் சேர்ந்தது அன்று, 1994இல் மீன்பிடிப் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்ததில் மாமனாரின் வலது முழங்காலில் ஏற்பட்ட காயத்தைச் சேர்ந்தது என்பது 2023இல்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒரு கலையைக் குடும்பத்துக்குள் காப்பது என்றால் என்ன என்பதை அந்த முழங்கால்தான் எனக்குக் கற்பித்தது. ஆகவே அதை மையமாக வைத்து, நாங்கள் செய்தவற்றையும் தவறவிட்டவற்றையும் எழுதுகிறேன்.

நான் 2013இல் ஒன்னா கிராமத்தில் உள்ள அறிவியல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்துக்குப் பணிக்காக வந்தவள். 2015இல் இங்கேயே திருமணம் செய்துகொண்டேன். கணவர் வீட்டில் ஒரு கராத்தே மரபு இருப்பது திருமணத்துக்குப் பிறகும் பல மாதங்கள் எனக்குத் தெரியாது. மாமனார் விடியற்காலையில் முற்றத்தில் தனியாக ஏதோ பயிற்சி செய்கிறார் என்று மட்டும் அறிந்திருந்தேன். அதற்குப் பெயர்ப்பலகையும் இல்லை, கறுப்புப் பட்டையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான ஒரு பாணிப் பெயரும் இல்லை. வீட்டில் அதைத் 'தீ' என்றே சொல்வார்கள். ஓக்கினாவா மொழியில் அதற்குக் 'கை' என்று பொருள். முதன்முறை அந்தச் சொல்லைக் கேட்டபோது, மாமனார் நெருப்பைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றே நினைத்தேன். இன்றும் அந்தச் சொல் என் காதில் இரண்டு பொருளோடும்தான் விழுகிறது.

கராத்தே என்ற பெயர் இன்றைய வடிவத்தில் நிலைபெற்றது அண்மைக் காலத்தில்தான். 'சீனக் கை' என்ற பொருள் தரும் எழுத்துகளால் முன்பு எழுதப்பட்ட அந்தச் சொல்லை, 'வெறுங்கை' என்ற பொருள் தரும் எழுத்துகளால் எழுதுவதென்று 1936 அக்டோபர் 25 அன்று நாஹாவில் கூடிய ஆசான்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாளே இப்போது ஓக்கினாவாவில் கராத்தே நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் வரிசையாக நின்று பயிலும் கராத்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசு அங்க்கோ முதலானோரின் முயற்சியால் உருவானது. அதற்கு முன்பிருந்தது வீட்டுக் கை, ஊர்க் கை. சில வீடுகளில் 'இஷ்ஷி சோதென்' என்னும் முறை இருந்தது. ஒரு தலைமுறையில் ஒரு பிள்ளைக்கு மட்டும், பெரும்பாலும் மூத்த மகனுக்கு மட்டும், முழுவதையும் கொடுப்பது என்று பொருள். எங்கள் வீட்டிலும் அதுவே விதி.

அந்த விதி ஒரு கலையை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கவிடும் என்பதற்கு எங்கள் வீடே சான்று. மாமனாரின் பெரியப்பாதான் மூத்த மகன். முழுவதையும் பெற்றவர் அவர். இளையவரான மாமனாரின் தந்தை, பார்த்துப் பழகியதும் அண்ணனுக்கு எதிரே நின்று அடி வாங்கிப் பழகியதுமாக ஒரு பகுதியை அறிந்துகொண்டு, பிழைப்புக்காக ஓசக்காவின் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் தீவில் இறங்கின. ஜூன் இறுதிக்குள் தீவின் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மடிந்துபோனார்கள். போரின் கடைசி வாரங்கள் எங்கள் நகரைச் சுற்றியே நடந்தன; இறந்தோரின் பெயர்களைப் பொறித்த மாபுனி நினைவிடம் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் சிறிது நேரப் பயணம். பெரியப்பாவின் பெயரும் அவர் மனைவி மக்களின் பெயர்களும் அந்தக் கற்களில் இருக்கின்றன. 1946இல் ஊர் திரும்பிய இளையவருக்கு வீடும் இல்லை, அண்ணனும் இல்லை. அவர் உடம்பில் எஞ்சியிருந்தவை சான்சின், சேசான், இவற்றோடு வீட்டுக்கே உரிய ஒரு கட்டா ஆகிய மூன்றுதான். வேறு இரண்டு கட்டாக்களின் பெயர்கள் மட்டும் நினைவிருந்தன. அந்த இரண்டு பெயர்களும் இன்று எங்கள் குறிப்பேட்டில் ஆளுக்கொரு வெற்றுப் பக்கத்தின் தலைப்பில் இருக்கின்றன.

மற்ற வீடுகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமனாரின் மனம் மாறியதற்கு அவையும் காரணம். ரியூயே-ரியூ என்பது நகாய்மா குடும்பத்தின் சொத்தாக இருந்த மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகாய்மா நோரிசாத்தோ சீனத்தின் ஃபூசோ நகரில் கற்று வந்ததை மகன் கென்ச்சூவுக்கும், அவர் தம் மகன் கென்க்கோவுக்கும் கொடுத்தார்கள். மூன்று தலைமுறை வீட்டுக்குள்ளேயே இருந்த அதை 1970களில் கென்க்கோ வெளியாருக்குத் திறந்துவிட்டார். அவரிடம் கற்ற சாக்குமோத்தோ த்சுகுவோ 1984, 1986, 1988 என்று மூன்று முறை உலகக் கட்டா வாகையர் ஆனார். சாக்குமோத்தோவிடம் கற்ற கியூனா ரியோ 2021 ஆகஸ்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, மறைந்த தம் தாயின் படத்தை மேடையில் கையில் ஏந்தி நின்றார். மோத்தோபு உதுந்தியின் கதை இன்னும் நுட்பமானது. அரச குலத்தின் கிளையான மோத்தோபு இல்லத்தில் மூத்த மகனுக்கே உரியதாக இருந்த அந்தக் கையை, மோத்தோபு சோயூ தம் வீட்டைச் சேராத உஏஹாரா செய்க்கிச்சிக்குக் கற்பித்தார். 1904இல் பிறந்து நூறாண்டு வாழ்ந்த உஏஹாரா தம் முதுமையில் அதை மோத்தோபு வீட்டுக்கே, சோயூவின் தம்பி மகனான சோசேவுக்கே, திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வெளியே கொடுத்ததால்தான் வீட்டுக்குத் திரும்பக் கிடைத்தது. இதை மாமனாரிடம் நான் சொன்னபோது, அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அதுவரை யாரிடமும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

எங்கள் வீட்டில் மூத்த மகன், அதாவது என் கணவரின் அண்ணன், பதினைந்து வயதில் குடும்பக் கட்டாவைப் பெற்று, 1990இல் ஓசக்காவுக்குப் போய், ஓக்கினாவா மக்கள் மிகுதியாக வாழும் தாய்ஷோ பகுதியில் குடியேறிவிட்டார். பயிற்சியையும் விட்டுவிட்டார். என் கணவர் இளையவர். 1995இல் அவருக்கும் மாமனார் கற்றுக்கொடுத்தார் என்றாலும், 'அண்ணன் வரும்வரை வைத்திரு' என்ற முறையிலேயே கொடுத்தார். பிறருக்குச் சேர வேண்டியதைக் காவல் காப்பவர் அதை வளர்க்கத் துணிவதில்லை. அவர் கற்றதை மறக்கவில்லை, ஆனால் நாள்தோறும் பயிலவும் இல்லை.

நான் உள்ளே வந்தது முதுகுவலியால். 2017இல், மகள் பிறந்து ஓராண்டாகியும் இடுப்பும் முதுகும் நிமிராமல் நான் திண்டாடியதைப் பார்த்த மாமனார், ஒரு காலை முற்றத்துக்கு அழைத்து, பாதங்களைச் சற்று உள்நோக்கித் திருப்பி, முழங்கால்களைத் தளர்த்தி, அடிவயிற்றைத் தூக்கி நிற்கச் சொன்னார். அதுதான் சான்சின் நிலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் நான் கற்றது அதை மட்டுமே: நிற்பது, மூன்று அடி நடப்பது, மூச்சு விடுவது. அவர் என் தோளிலும் விலாவிலும் உள்ளங்கையால் தட்டி, எங்கே இறுக்கம் இல்லை, எங்கே வேண்டாத இறுக்கம் இருக்கிறது என்று காட்டுவார். இதைப் படித்துவிட்டுத் தாமாகச் சான்சின் பயில நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மூச்சை அடக்கி உடம்பை முறுக்குவது இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து. மாமனாருக்கு அழுத்தம் கூடிய பிறகு மருத்துவர் சொல்படி அவரே வாயால் மூச்சைத் தடையின்றி விட்டு, பாதி இறுக்கத்தில்தான் செய்கிறார். அந்தப் பாதி இறுக்கத்தையே முழுக் கட்டா என்று எண்ணிக் கற்கக்கூடாது என்பதையும் இப்போது நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம்.

2019 அக்டோபர் 31 விடியலில், ஓக்கினாவாவின் பழைய அரசர்களுடைய ஷூரி கோட்டை எரிந்தது. 1945இல் அழிந்து, 1992இல் மீண்டும் எழுந்த பேரவை மண்டபம் தொலைக்காட்சித் திரையில் சரிந்துகொண்டிருந்தது. மாமனார் ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, "கோட்டையை மறுபடியும் கட்டிவிடுவார்கள், போருக்கு முன்னால் எடுத்த படமும் அளவும் குறிப்பும் இருப்பதால்தான் போன முறையும் கட்ட முடிந்தது. என் தந்தையிடம் என்ன இருந்தது? என்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அடுத்த நாள் காலை முதல் குடும்பக் கட்டாவை எனக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

இது எளிதில் நடந்துவிடவில்லை. ஓக்கினாவாவில் முன்னோர் பெயர் எழுதிய 'தோத்தோமே' என்னும் பலகைகளை மூத்த மகன் வழியே கைமாற்றுவது வழக்கம். பெண்வழி போகக்கூடாது என்பது பலரும் இன்னும் அஞ்சிக் காக்கும் கட்டுப்பாடு. வீட்டுக் கையையும் அந்தப் பலகையைப் போலவே கருதிய உறவினர் ஒருவர், வெளிநாட்டு மருமகளுக்கு அதைக் கொடுப்பது முன்னோருக்கு அடுக்காது என்று சொல்லி ஓராண்டுக் காலம் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அது வலித்தது. ஆனால் அவருடைய அச்சத்தில் ஓர் உண்மை இருந்ததை இப்போது உணர்கிறேன். யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்ற நிலை வந்தால், யார் பொறுப்பு என்ற கேள்வியும் வரும். மாமனார் அதற்கு ஒரு முடிவு செய்தார்: பலகை மூத்தவருக்கு, கை கற்பவருக்கு. இரண்டையும் பிரித்துச் சொன்ன பிறகே உறவினரின் மனம் சற்று இளகியது. பரம்பரைக் கலை உள்ள வீடுகளில், சடங்கு உரிமையையும் கற்பிக்கும் பொறுப்பையும் வாய்விட்டுப் பிரித்துப் பேசிக்கொள்வது நல்லது. பேசாமல் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்திழுக்கும்.

கற்கத் தொடங்கியதும் எனக்குத் தெரிந்த முதல் செய்தி, கட்டா என்பது அசைவுகளின் வரிசை மட்டும் அன்று, திருத்தங்களின் தொகுப்பு என்பது. வரிசையை இரண்டு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அதன்பின் வரும் ஆண்டுகளில் ஆசான் சொல்லும் சிறு சிறு சொற்களே உண்மையான பாடம். அந்தச் சொற்களோ ஜப்பானிய மொழியில் இல்லை. 'காமகு' என்றால் இடுப்பெலும்புக்கு மேலே விலாவின் அடியில் உள்ள பகுதி. அதை உள்ளே இழுத்துப் பூட்டினால்தான் குத்து காலிலிருந்து கைக்கு ஏறும். 'சின்குச்சி' என்பது அடி விழும் கணத்தில் மூட்டுகளும் தசைகளும் சேர்ந்து இறுகி உடனே விடுபடும் தன்மை. 'முச்சிமி' என்பது அரிசி மாப் பண்டத்தைப் போல் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் எதிராளியின் கையோடு ஒட்டி நகர்வது. இவை ஓக்கினாவா மொழிச் சொற்கள். அந்த மொழியை அழியும் அபாயத்தில் உள்ள மொழிகளுள் ஒன்றாக யுனெஸ்கோ 2009இல் பட்டியலிட்டது. மாமனார் பள்ளியில் படித்த காலத்தில் தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு மரப்பலகையை மாட்டுவார்கள். அவர் கழுத்தில் பல நாள் அது தொங்கியிருக்கிறது. அதனால் தம் பிள்ளைகளிடம் அவர் அந்த மொழியில் பேசவே இல்லை. கை கற்பிக்கும்போது மட்டும் அது அவரை அறியாமல் வாயில் வந்துவிடும்.

அந்தச் சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கத் தொடங்கினேன். பயிற்சி முடிந்து கால் கழுவுவதற்கு முன்பே, திண்ணையில் உட்கார்ந்து, அன்று அவர் சொன்ன திருத்தம், எந்த அசைவில், யாருக்குச் சொன்னது, உடம்பில் எந்த இடத்தைத் தொட்டுச் சொன்னது என்ற நான்கையும் எழுதுவேன். யாருக்கு என்பது மிக முக்கியம். எனக்கு 'இன்னும் தாழ்ந்து நில்' என்பார். என் கணவருக்கு அதே இடத்தில் 'எழுந்து நில்' என்பார். பெயரில்லாமல் எழுதியிருந்தால் இரண்டும் முரண் என்று தோன்றியிருக்கும். உண்மையில் சரியான உயரம் ஒன்றுதான், நாங்கள் இருவரும் அதற்கு இருபுறமும் தவறிக்கொண்டிருந்தோம். ஆறு ஆண்டுகளில் ஏழு குறிப்பேடுகள் சேர்ந்திருக்கின்றன. பிறகு என் கணவர் அவற்றை ஜப்பானிய எழுத்தில் படியெடுத்தார். இந்தத் தீவின் ஈரக் காற்றில் தாள் எளிதில் பூஞ்சை பிடிக்கும். மாமனாரின் தந்தை எழுதி வைத்திருந்த சில பக்கங்களைக் கறையானும் பூஞ்சையும் தின்றுவிட்டன. எனவே ஒரு படி ஓசக்காவில், ஒரு படி கணினியில், மூலம் ஈரம் புகாத பெட்டியில் என்று மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்.

இனி முழங்காலுக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில் ஷீமீ என்னும் முன்னோர் வழிபாட்டுக்காகக் கணவரின் அண்ணன் குடும்பத்துடன் வந்திருந்தார். ஆமை முதுகு போன்ற கூரையுள்ள எங்கள் குடும்பக் கல்லறையின் முன் எல்லோரும் உணவு பரிமாறி உண்டு திரும்பிய மாலையில், என் மகள் பெரியப்பாவுக்குக் கட்டாவைச் செய்து காட்டினாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயிற்சியை விட்டிருந்த அவர், அவள் இரண்டாம் திருப்பத்தைத் தாண்டியதும் தம்மை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். "அங்கே ஏன் நின்றுவிட்டாய்? அது உள்ளே நுழையும் அடி அல்லவா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தாமே அந்த அடியை வைத்துக் காட்டினார். வலக்கால் எங்கள் எல்லோரையும்விட அரை அடி முன்னே போய் விழுந்தது. மாமனார் நெடுநேரம் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். காயத்துக்குப் பிறகு தம் அடி குறைந்துபோனதை அவர் உணரவே இல்லை. மனத்துக்குள் அவர் எப்போதும் நீண்ட அடியைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அரை அடி சிறிய விஷயம் போலத் தோன்றலாம். அடி நீண்டால் இடுப்பு எதிராளியின் இடுப்புக்கு அருகே போகிறது. அடுத்து வரும் முழங்கை வீச்சு அவன் விலாவைத் தொடுகிறது. அடி குறைந்தால் முழங்கை வெறும் காற்றில் சுற்றுகிறது. மூன்றரை ஆண்டுகளாக அந்த முழங்கை எதற்கு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமனாரும் "தெரியவில்லை, ஆனால் மாற்றாதே" என்றே சொல்லிவந்தார். அவர் மாற்றாமல் வைத்திருந்ததால்தான், அடி திரும்பி வந்ததும் முழங்கையும் தன் பொருளோடு திரும்பி வந்தது. பொருள் தெரியவில்லை என்று அவர் அந்த முழங்கையை விட்டிருந்தாலோ, பொருந்தும்படி நாங்களே ஒரு புதுப் பொருளைக் கற்பித்து அசைவைத் திருத்தியிருந்தாலோ, இரண்டையும் சேர்த்தே இழந்திருப்போம்.

இதிலிருந்து ஒரு வழிமுறையை அமைத்துக்கொண்டோம். வயதான ஆசானிடம் கற்பவர்கள் அனைவருக்கும் இது பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன். முதலில், ஆசானின் உடல் வரலாற்றைக் கேட்டு எழுத வேண்டும்: எந்த ஆண்டில் எந்த மூட்டில் காயம், எப்போது அறுவை, எப்போது கண் மங்கியது, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது என்பது வரை. கட்டாவில் அந்த மூட்டு வேலை செய்யும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுவிட வேண்டும். அடுத்து, வெவ்வேறு காலத்தில் அவரிடம் கற்றவர்களைத் தேட வேண்டும். பாதியில் விட்டுப் போனவர்களை முக்கியமாகத் தேட வேண்டும். தொடர்ந்து உடனிருப்பவர்கள் ஆசானோடு சேர்ந்து மாறிக்கொண்டே வருவார்கள். விட்டுப் போனவரோ தாம் போன நாளின் கட்டாவை அப்படியே எடுத்துப் போயிருப்பார். மறந்திருப்பார், தடுமாறுவார், ஆயினும் அவர் உடம்பில் உள்ளது பழைய படி. மூன்றாவதாக, ஒருவர் செய்வதை மற்றவர் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே படம் பிடித்துவிட வேண்டும். இதை நாங்கள் தவறவிட்டோம். என் மகள் செய்ததைப் பார்த்த பிறகே பெரியப்பா செய்து காட்டினார். அதனால் மற்ற இடங்களில் அவர் நினைவில் இருந்தது எது, அவளைப் பார்த்து வந்தது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. அந்த ஒரு மாலையின் அவசரத்தை நினைத்து நான் இன்னும் வருந்துகிறேன்.

படம் பிடிப்பதைப் பற்றியும் சில சொற்கள். தொடக்கத்தில் நாங்கள் முழுக் கட்டாவை முன்னிருந்து பிடித்து வைத்தோம். பார்க்க அழகாக இருந்தது, கற்க உதவவில்லை. இப்போது நான்கு திசைகளிலிருந்தும், காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, பாதங்களை மட்டும் தனியாகவும் பிடிக்கிறோம். ஆசான் செய்வதைவிட ஆசான் திருத்துவதைப் பிடிப்பதே மதிப்புள்ளது. மாணவரின் தவறும், அவர் தொட்ட இடமும், சொன்ன சொல்லும், அதன்பின் உடம்பு மாறியதும் ஒரே துண்டில் இருக்கும். ஆனால் நாள்தோறும் செல்பேசியை நிறுத்தி வைத்துப் பயிலக்கூடாது. கருவி பார்க்கிறது என்ற நினைப்பில் கண் சோம்பிவிடுகிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உடம்பு தள்ளிப்போடுகிறது. மாதத்துக்கு ஒரு நாள் போதும்.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது காதையும் சொல்ல வேண்டும். என் மாமியார் ஒரு நாளும் கை பயின்றதில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகச் சமையலறைச் சன்னலுக்கு அப்பால், பவளக் கற்களைத் தூவிய முற்றத்தில், பாதங்கள் உரசும் ஒலியைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்தவர். ஒரு நாள் நான் தனியாகப் பயிலும்போது உள்ளேயிருந்து, "அந்த இடத்தில் இரண்டு சத்தம் வராது, ஒன்றுதான் வரும்" என்றார். நான் காலை வைத்துவிட்டுப் பிறகு குத்தினேன். இரண்டும் ஒரே கணத்தில் முடிய வேண்டும். அதைப் போய் மாமனாரிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "என் குத்தையே அவள்தான் பல முறை திருத்தியிருக்கிறாள்" என்றார். அன்று முதல் மாமியாரையும் கேட்டு எழுதுகிறேன். காயத்துக்கு முன் மாமனாரின் கால் ஒலி எப்படி இருந்தது என்பது உலகில் அவர் ஒருவருக்கே தெரியும். அந்த நீண்ட அடியைச் சரிபார்த்ததும் அவர் காதுதான்: பெரியப்பா வைத்துக் காட்டிய அன்று உள்ளேயிருந்து, "ஆமாம், முன்பெல்லாம் அந்த இடத்தில் கல் நெடுக உரசும்" என்றார். பரம்பரைக் கலை உள்ள வீடுகளில் கலையைக் கற்காத பெண்களிடம் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதை நாம் கேட்பதே இல்லை.

என் மகளுக்குக் கற்பிப்பதில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை மிக எளியது. நாளுக்குப் பத்து நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம். இரண்டாவது தவறு கண்ணில் பட்டாலும் மறுநாளுக்கு விட்டுவிடுவோம். மணல் நிரப்பிய சாடிகளை விரல் நுனியால் விளிம்பைப் பற்றித் தூக்கி நடக்கும் பயிற்சியை அவளுக்குக் கொடுக்கவில்லை. வளரும் விரல்களுக்கு அது ஆகாது என்று மாமனாரே தடுத்துவிட்டார். வைக்கோல் கயிறு சுற்றிய மாக்கிவாராக் கம்பத்தையும் தொட்டுப் பார்க்க மட்டுமே விடுகிறோம்.

அவளுக்குப் பள்ளி நண்பர்களோடு போட்டிக் கராத்தேயிலும் ஆசை. ஓராண்டு போட்டிப் பயிற்சிக்குப் போனதும் அவளுடைய வீட்டுக் கட்டா மாறிவிட்டது: நிலை தாழ்ந்தது, ஒவ்வொரு அசைவின் முடிவிலும் நடுவருக்குத் தெரியும்படி ஒரு நிறுத்தம் வந்தது, தலை வெடுக்கென்று திரும்பியது. நான் பதறி, போட்டிக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். மாமனார் மறுத்தார். கியூனா ரியோவும் ஒரு வீட்டு மரபின் கட்டாவைத்தான் உலக மேடைக்குக் கொண்டுபோனார் என்று அவளுக்கு நினைவூட்டினார். பிறகு ஒரு வழி சொன்னார்: இரண்டையும் வேறு வேறு பெயரால் அழை; ஒரே நாளில் இரண்டையும் பயின்றால் வீட்டுக் கையைக் கடைசியில் பயில்; உடம்பு எதோடு தூங்கப் போகிறதோ அதையே வைத்துக்கொள்ளும். கர்நாடக இசைக்காரர்கள் 'பாடாந்தரம்' என்பார்களே, ஒரே கீர்த்தனை வழிக்கு வழி வேறுபட்டாலும் தன் வழியை அறிந்தவர் பிறர் வழியிலும் பாடிக் காட்டுவார், அதைப் போன்ற தெளிவு ஒன்பது வயதிலேயே அவளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. "இது அங்கே செய்வது, இது தாத்தாவுடையது" என்று சொல்லிவிட்டே தொடங்குகிறாள்.

எங்கள் குறிப்பேட்டில் 'தெரியாதவை' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறோம். தொடங்கியபோது அதில் பதினோரு அசைவுகள் இருந்தன, இன்று ஏழு. அவற்றுள் ஒன்றைத் தீர்த்தது காக்கியே. இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டுகளை உரசி, தள்ளியும் இழுத்தும், கண்ணை நம்பாமல் தொடுவுணர்வை மட்டும் நம்பிப் பயிலும் முறை அது. ஒரு மாலை என் கணவர் என் மணிக்கட்டை மேல்நோக்கித் தள்ளியபோது என் இட முழங்கை தானாகக் கீழிறங்கி அவர் கையைப் பூட்டிவிட்டது. கட்டாவின் நடுவே மெல்லக் கீழிறங்கும் பொருள் தெரியாத முழங்கை அதுவே. தனியாக எவ்வளவு முறை செய்திருந்தாலும் அது எனக்குப் புலப்பட்டிருக்காது. எனவே ஒரு கட்டாவை ஒருவர் மட்டும் காத்தால் பாதிதான் காக்கப்படுகிறது. எதிரே நின்று தள்ளுவதற்கு ஓர் ஆளும் வேண்டும்.

அந்த இன்னோர் ஆளுக்காகவே சென்ற ஆண்டு முதல் அடுத்த தெருப் பையன் ஒருவனும் வருகிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எங்களுக்கு உறவில்லை. முதல் நாள் மாமனார் அவனை வீட்டுக்குள் அழைத்து, முன்னோர் பலகைகளின் முன் உட்காரவைத்து, போரில் இறந்த தம் பெரியப்பாவின் பெயரையும் இழந்துபோன இரண்டு கட்டாக்களின் பெயர்களையும் அவன் வாயாலேயே சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் முற்றத்துக்கு அழைத்துப் போய்ச் சான்சினில் நிற்கவைத்தார்.

நான்காம் திருப்பத்தில் இடக்கை திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மாமனார் மூடுகிறார், அவருடைய மூத்த மகன் திறக்கிறார். மாமனாரின் கட்டைவிரலில் 2001இல் ஒரு முறிவு ஏற்பட்டிருக்கிறது. மூத்தவருக்கோ நினைவு தடுமாறியிருக்கலாம். இரண்டையும் இரண்டு பத்தியில் எழுதி, நடுவில் இடம் விட்டிருக்கிறோம். வரும் ஷீமீக்கு அவர் வரும்போது, இம்முறை முதலில் அவரைத் தனியாகப் பின்முற்றத்துக்கு அழைத்துப்போய், யாரையும் பார்க்கவிடாமல், செய்யச் சொல்லிப் பிடித்துவிட வேண்டும்; மாமியாரைச் சன்னலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.